‘நாளைக்கு வாங்கோ’வுக்கு எத்தனை லீற்றர்?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் கந்தோரால் சூழலுக்கு வரும் பாதிப்பைக் குறைக்க ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லி இரண்டு கிழமை தந்திருக்கிறார்கள். காகிதத்தைக் குறைப்பதா, கூரையில் சோலார் போடுவதா, பிளாஸ்ரிக் போத்தலை ஒழிப்பதா, எதில் தொடங்குவது? பெரிதாகக் காசும் இல்லை.

தங்கச்சி, நீங்கள் சொன்ன மூன்றையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அவற்றிலேயே தொடங்கி அவற்றோடேயே நின்றால் இரண்டு வருடம் கழித்து வாசலில் ஒரு பலகையும் சுவரில் நாலு ஸ்டிக்கரும்தான் மிஞ்சும். டீசல் பில்லும் கரண்ட் பில்லும் அப்படியே இருக்கும். நான் வன்னிக் கந்தோர்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இப்படியான திட்டங்களை எழுதியும் இருக்கிறேன், எழுதியதை அலுமாரியில் வைத்துப் பூட்டியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் தராசில் போட்டுப் பாருங்கள். வழமையான ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராம். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. ஒரு கிலோ காகிதம் உருவாக ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும் என்று வைத்தால், கட்டு ஒன்றுக்கு இரண்டரை மூன்று கிலோ. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் வருவது 2.7 கிலோ. ஆக, ஒரு கட்டுக் காகிதமும் ஒரு லீற்றர் டீசலும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மல்லாவிப் பக்கத்தில் இருந்து மாங்குளம் வந்து, அங்கிருந்து முல்லைத்தீவுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஒரு கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்கே ஐம்பது கிலோமீற்றர் அளவு. போய்வர நூற்றிருபது கிலோமீற்றருக்குக் குறையாது. டபுள் கெப் லீற்றருக்கு ஒன்பது பத்துக் கிலோமீற்றர் கொடுத்தால் பன்னிரண்டு லீற்றர் முடிந்தது. பன்னிரண்டு கட்டுக் காகிதம், ஆறாயிரம் தாள்! அந்தக் கூட்டத்தில் ‘காகிதத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள்’ என்று ஒருவர் அரை மணித்தியாலம் பேசியிருப்பார். காகிதம் கண்ணுக்குத் தெரியும், மேசையில் குவியும். டீசல் குழாய் வழியாகப் போய்விடும், அதைக் குவித்து வைத்து யாரும் பார்ப்பதில்லை.

சரி, இது கந்தோர் வாகனம். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அது எந்தப் பில்லிலும் வராது.

நான் இருந்த ஒரு கந்தோரில் காவலாளியிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொடுத்து நாலு நிரல் கோடு போட்டு வைத்தேன். எந்த ஊர், என்ன அலுவல், எதில் வந்தார், இந்த அலுவலுக்கு எத்தனையாவது தடவை. ஒரு மாதம். முதல் மூன்று நிரலும் எதிர்பார்த்ததுதான். நாலாவது நிரல் 2, 3, 2, 2, 4 என்று கீழே இறங்கிப் போனது. அதில் ஒரு ஐயா, காணி அலுவலாக வந்தவர். முதல் தடவை காணி உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை அடையாள அட்டைப் பிரதி இல்லை. பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடையில் கரண்ட் இல்லை. மூன்றாம் தடவை எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறவர் கொழும்பில். மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து போனார். காவலாளி ‘தடவை’ என்ற இடத்தில் 4 என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ‘பாவம்’ என்றும் எழுதியிருந்தான். நல்ல பொடியன்.

மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றர் பெற்றோலில் நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். தூரத்துக் கிராமத்தில் இருந்து போய்வர தொண்ணூறு கிலோமீற்றர் என்றால் இரண்டு லீற்றர். பெற்றோல் லீற்றருக்கு 2.3 கிலோ. ஒருவரை ‘நாளைக்கு வாங்கோ’ என்று அனுப்பினால் நாலரைக் கிலோ. ஒரு நாளில் ஏழு எட்டுப் பேரை அப்படி அனுப்பினால் கச்சேரிக்கு ஒருமுறை டபுள் கெப் போய்வந்த கணக்கு. யாழ்ப்பாண நகரத்திலோ கொழும்பிலோ இந்தக் கணக்கு இவ்வளவு பெரிதாக வராது, அங்கே மூன்று கிலோமீற்றரில் கந்தோர் இருக்கும். வன்னியில் வீடும் கந்தோரும் தள்ளித் தள்ளி இருப்பதால் இங்கே ஒரு கையெழுத்துக்கே றோட்டு நீளம்.

பச்சைவீட்டு வாயுவைக் கணக்கெடுக்கிற உலக வழக்கத்தில் மூன்று பை வைப்பார்கள். நாங்களே எரிப்பது ஒன்று, வாங்கும் மின்சாரத்துக்காக வேறு இடத்தில் எரிவது ஒன்று, எங்கள் காரணமாக மற்றவர்கள் எரிப்பது ஒன்று. மூன்றாவது பையைப் பெரும்பாலான கந்தோர்கள் திறப்பதே இல்லை. நீங்கள் அதிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். இதற்குக் காசும் வேண்டாம்.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு அலுவலுக்கும் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி கிராம அலுவலர் கந்தோரிலும், பஸ் தரிப்பிடத்திலும், கடையிலும் ஒட்டுங்கள். உங்கள் வாசலில் ஒட்டிப் பயன் இல்லை, அதை வாசிக்கிறவர் ஏற்கெனவே தொண்ணூறு கிலோமீற்றர் ஓடி வந்தவர். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தொலைபேசி இலக்கம், அதை எடுக்க ஒரு ஆள். எந்த உத்தியோகத்தர் எந்த நாளில் களத்தில் என்பதைக் கிழமைத் தொடக்கத்திலேயே கிராம அலுவலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் லீவு என்றால் பதில் கடமை பார்ப்பவர் யார் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்து தூரத்து ஊர்க்காரரை முதலில் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் மோட்டார் சைக்கிளில்தான் வருவார். கந்தோரில் ஏற்கெனவே கோவையில் இருக்கிற ஆவணத்தின் பிரதியை மறுபடி கேட்காதீர்கள். இது மிக முக்கியம், ஏனென்று காகிதத்துக்கு வரும்போது சொல்கிறேன். நடமாடும் சேவை நடத்துவதும் நல்லதுதான். ஆனால் ஆறு வாகனத்தில் போய் நாற்பது பேருடைய அலுவலைப் பார்ப்பது கணக்கில் நட்டம், ஒரே வாகனத்தில் நெருங்கி இருந்து போகிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

இனி வாகனம். உங்கள் கந்தோரில் ஒவ்வொரு வாகனத்துக்கும் லொக் புத்தகமும் றனிங் சாட் என்ற தினசரி ஓட்டப் பதிவும் கட்டாயம் இருக்கும், நிதிப்பிரமாணம் 1645, 1646 அதைத்தான் சொல்கின்றன. கணக்காய்வுக்கு அனுப்புவதற்காக எழுதுகிற அந்தத் தாள்களே உங்களுக்குத் தேவையான தரவு. ஒரு வருடத்து றனிங் சாட்டை எடுத்து மூன்று நிறப் பேனையால் குறியுங்கள்: ஒரே நாளில் ஒரே திசைக்கு இரண்டு வாகனம் போன நாட்கள், ஒரு ஆளோடு மட்டும் போன ஓட்டங்கள், கடிதம் கொடுக்க மட்டும் போன ஓட்டங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அந்தத் தாளை அப்படியே செயலாளரின் மேசையில் வையுங்கள், நிறமே பேசும்.

அப்புறம், எரிபொருள் சோதனை. 2016 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 25,000 கிலோமீற்றர் ஓடினால், அல்லது எஞ்சினில் பெரிய திருத்தம் செய்தால், எது முந்துகிறதோ அப்போது சோதனை செய்ய வேண்டும். பல இடங்களில் இது கணக்காய்வு ஐயவினா வந்தபிறகுதான் நினைவுக்கு வரும். உண்மையில் சூழலுக்கு இதைவிட உதவும் சுற்றறிக்கை குறைவு. லீற்றருக்குப் பத்து ஓடிய வாகனம் எட்டுக்கு இறங்கினால் அதே வேலைக்குக் கால்பங்கு டீசல் கூடப் போகிறது. காற்று வடிகட்டி அடைத்திருக்கும், ரயரில் காற்றுக் குறைந்திருக்கும், கிரவல் றோட்டில் ஓடி ஓடி பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். ஏ.சி.க்காக வாகனத்தை நிழலில் ஸ்ராட்டில் விட்டுக் காத்திருக்கிற பழக்கத்தையும் பாருங்கள். சாரதியை ஏசாதீர்கள், அவருக்கு உட்கார ஒரு காற்றோட்டமான இடம் கொடுத்தால் தானாக நிற்பாட்டுவார்.

கொழும்புக் கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வன்னியில் இருந்து போய்வர அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். அறுபது லீற்றர் டீசல், நூற்றறுபது கிலோவுக்கு மேல் புகை, சாரதிக்கு இரண்டு நாள் அலைச்சல். கிளிநொச்சிக்கு 2013 செப்ரெம்பரில் இருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. கொரோனாக் காலத்தில் சூமில் கூட்டம் நடத்தினோம், 2022 இல் எரிபொருள் இல்லாமல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோதும் நடத்தினோம். அந்த வருடம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள், நினைவிருக்கும். அப்போது நின்ற கூட்டங்களில் எவை நின்றதால் உண்மையாகவே ஒரு அலுவல் கெட்டது என்று உங்கள் கிளைத் தலைவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஒரு நீண்ட மௌனம்தான் பதில்.

மின்சாரத்துக்கு வருவோம். எங்கள் நாட்டில் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ என்று வைக்கலாம். நல்ல மழை பெய்து நீர்மின் நிலையங்கள் ஓடுகிற வருடத்தில் குறையும், குளங்கள் வற்றி நுரைச்சோலை நிலக்கரியில் நாடு ஓடுகிற மாதத்தில் ஏறும். கந்தோரில் அந்த யூனிற்றில் பெரும்பங்கைத் தின்பது ஏ.சி. மின்குமிழ்கள் எப்படியும் எல்ஈடி ஆகியிருக்கும், அதில் இனிப் பிழிய அதிகம் இல்லை.

இங்கே கட்டடத்தைக் கொஞ்சம் குறை சொல்லியே ஆக வேண்டும். பழைய கச்சேரிக் கட்டடங்களுக்கு உயர்ந்த கூரை, சுற்றி விறாந்தை, எதிரெதிர் ஜன்னல் இருந்தன. சண்டை முடிந்தபின் எழும்பிய பல கட்டடங்களில் மேற்கே பார்த்த கண்ணாடி, உள்ளே அலுமினியத் தடுப்பு, கீழ்க்கூரை. பின்னேரம் இரண்டு மணிக்கு அந்தக் கண்ணாடியில் கை வைத்தால் சுடும். அதற்குப் பக்கத்தில் இருக்கிறவர் ஏ.சி.யை 18 இல் வைப்பதில் என்ன பிழை? முதலில் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிழல் வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு உள்ளே வந்தபிறகு மறைக்கிற மாதிரி. வெளியே ஒரு சாய்ப்பு, பனையோலைத் தட்டி, கொடி படர ஒரு கம்பி வலை, எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே. ஆட்களைக் கிழக்குப் பக்கம் நகர்த்தி, கோவை அலுமாரிகளை மேற்குச் சுவரோரம் வரிசையாக வையுங்கள். காகிதம் நிறைந்த அலுமாரி சூட்டைத் தடுக்கும். ஒரு கந்தோரில் இதை ஒரு சனிக்கிழமை செய்தோம், செலவு எல்லோருக்கும் பிளேன்ரீயும் பணிசும் மட்டும்.

ஏ.சி.யை 26 இல் வைத்து மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் 24 இல் வைத்த அளவு சுகம் இருக்கும். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஐந்தாறு வீதம் மின்சாரம் குறையும் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் வன்னிக்கு இன்னொரு சங்கதி உண்டு: புழுதி. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் கிரவல் றோட்டுப் புழுதி எல்லாம் ஏ.சி. வடிகட்டியில்தான் வந்து குடியேறும். மூடியைத் திறந்து அந்த வலையை வெளியே எடுத்துத் தட்டிப் பாருங்கள், செங்கல் தூள் மாதிரி விழும். வருடத்துக்கு ஒருமுறை சேவிஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். சோளகக் காலத்தில் மாதம் இரண்டு தரம் வலையைக் கழுவ வேண்டும். அதற்கு ஆள் தேவையில்லை, ஒரு குழாயும் ஒரு பழைய பல்துலக்கியும் போதும்.

அதோடு காஸ். ஏ.சி. குளிரவில்லை என்றால் வருகிறவர் ‘காஸ் அடிக்க வேணும்’ என்பார். காஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் விடுகிற வேலை. பல ஏ.சி.களில் இருக்கிற ஆர்-410ஏ என்ற காஸ் ஒரு கிலோ காற்றில் போனால் அது 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். சின்ன ஏ.சி. ஒன்று மாதம் நூறு யூனிற் எடுக்கும் என்று வைத்தால், அது மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய மின்சாரத்தின் கணக்கு, ஒரு பின்னேரத்தில் ‘ஸ்ஸ்’ என்று போய்விடும். திருத்த வருகிறவர் பழைய காஸை வெளியே விடாமல் சிலிண்டருக்குள் மீட்டெடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். புதிதாக வாங்கினால் ஆர்-32 உள்ளதைக் கேளுங்கள், அதில் ஒரு கிலோ போனால் 675 கிலோவுக்குத்தான் சமன்.

சோலார். கூரையில் ஒரு கிலோவாற் போட்டால் எங்கள் வெயிலுக்கு நாளுக்கு நாலு யூனிற் அளவு வரும். கந்தோர் 8.30 இல் இருந்து 4.15 வரை, வெயிலும் அந்த நேரம்தான். பொருத்தம் பத்துக்கு ஒன்பது. அந்தப் பத்தாவதுதான் சனி ஞாயிறு. போயா, பெருநாள், வார இறுதி எல்லாம் கழித்தால் வேலைநாள் 240 அளவுதான், மூன்றில் ஒரு நாள் கந்தோர் பூட்டு. அந்த நாட்களில் உற்பத்தி முழுவதும் பொது மின் வலையமைப்புக்குப் போகிறது. நாடு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவை குறைந்து சூரிய மின்சாரம் கூடினால் வலையமைப்பைச் சமநிலையில் வைப்பது கஷ்டம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்று கேட்டுச் சிரித்தோம், ஆனால் சூரிய மின்சாரம் கூடி, தேவை குறைந்த நேரத்தில் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்பது அதன் மறுபாதி. அதனால் கூரை முழுவதும் அடுக்காமல், உங்கள் பகல் தேவையை அளந்து அந்த அளவுக்குப் போடுங்கள். முதலில் ஏ.சி.த் தேவையைக் குறைத்து, பிறகு அளவெடுத்தால் பாதிச் செலவில் முடியவும் கூடும்.

சோலார் தகட்டையும் புழுதி விடாது. அதைக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைத் தடம் படியும், எங்கள் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. மழைத் தண்ணீர் நல்லது. அதுவும் இல்லாவிட்டால் ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து வையுங்கள், அதில் உப்பே இல்லை. நூறு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் நூறு லீற்றர். மாரியில் ஒரு நாள் ஐம்பது மில்லிமீற்றர் அடித்தால் ஐயாயிரம் லீற்றர்த் தாங்கி ஒரே நாளில் நிரம்பும். வன்னிக் கந்தோர்களில் பீலியே இல்லாமல் அந்தத் தண்ணீர் அத்திவாரத்தைத் தோண்டிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஆத்திரம் வரும்.

தண்ணீரில் ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். அதே சுண்ணாம்பு மலசலகூடத் தொட்டியின் மிதவை வால்வில் படிந்து அதை முழுதாக மூட விடாது. சத்தமில்லாமல் இரவு பகலாக ஓடும், மேலே தாங்கி வற்றும், மோட்டர் மறுபடி ஓடும். கண்டுபிடிக்க, முத்திரை குத்துகிற மையில் நாலு சொட்டு எடுத்துத் தொட்டிக்குள் விட்டு, கால் மணித்தியாலம் யாரையும் உள்ளே விடாமல் பாருங்கள். கீழே பீங்கானில் ஊதா நிறம் இறங்கினால் கசிகிறது. ஒரு கந்தோரில் ஐந்தில் மூன்று ஊதாவாகின. வால்வைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்தால் அரைவாசி திருந்திவிடும்.

காகிதம் இப்போதுதான் வருகிறது. மேலிடத்தில் இருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். அச்செடுப்போம். கிடைத்த திகதி முத்திரை குத்துவோம். செயலாளர் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அதை ஸ்கேன் பண்ணி கிளைகளின் வாட்ஸ்அப்பில் போடுவோம். ஒவ்வொரு கிளையும் அதை அச்செடுத்துத் தன் கோவையில் போடும். ஒரு கடிதத்துக்கு எட்டுப் பிரதி, எட்டும் ஒருபக்கம்! 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னஞ்சலுக்கு எழுத்துக்குரிய மதிப்பைக் கொடுத்து எவ்வளவோ காலம். காணி உறுதி, மரணசாதனம் மாதிரிச் சில விலக்குகள்தான். ஆகவே ஒரு கடிதத்துக்கு ஒரு கோவை, ஒரு அச்சு, மற்றவர்களுக்குப் படம் மட்டும் என்று தீர்மானித்தால் போதும். பிரிண்டரில் இருபக்கம் என்பதை இயல்பு அமைப்பாக மாற்றிவிடுங்கள், ஆட்களை மாற்றுவதைவிட அது சுலபம்.

ஆனால் பழைய கோவையை அழிக்கும்போது கை நடுங்க வேண்டும். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் 2009 இல் ஒரு பையோடு கடலோரம் வரை போய், அந்தப் பையும் இல்லாமல் திரும்பியவர்கள். பிறப்புப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போய், ஒவ்வொன்றாகக் கந்தோர் கந்தோராக ஏறி மறுபடி எடுத்தார்கள். கந்தோர்களின் பதிவேடுகளே அழிந்த இடங்களும் உண்டு. அதனால்தான் இன்றைக்கும் வயது போனவர்கள் எல்லாவற்றையும் லமினேற் பண்ணி, பத்துப் பத்துப் பிரதியோடு வருகிறார்கள். எங்களில் சிலர் அதையும் போதாது என்று திருப்பி அனுப்புகிறோம். 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரச பதிவுகளை நினைத்தபடி அழிக்க விடாது. ‘பசுமைத் திட்டம்’ என்று சொல்லி யாராவது கோவை அறையைத் துப்புரவாக்கக் கிளம்பினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். முதலில் ஸ்கேன், பிறகு அனுமதி.

பின்வளவில் எரிக்கிற பழக்கம் உங்கள் கந்தோரிலும் இருக்கும். மாமரத்துக்குக் கீழே கறுத்த ஒரு வட்டம், அதில் பாதி எரிந்த ரோனர்ப் பெட்டி, லன்ஜ் ஷீற், உருகிய பேனைகள். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2017 செப்ரெம்பர் 1 இல் இருந்தே தடை செய்திருக்கிறார்கள், லன்ஜ் ஷீற்றும் அன்றே தடை. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதுவதும் இதே கந்தோர்கள்தான். காகிதத்தைப் பிரித்து மூட்டையாகக் கட்டி மீள்சுழற்சிக்கு விற்கலாம். சாப்பாட்டு மிச்சத்தை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். மூடி பாரமாக இருக்க வேண்டும், வன்னிக் குரங்குக்குத் திறக்கத் தெரியாத மூடி நான் இன்னும் பார்க்கவில்லை.

களஞ்சிய அறையைத் திறந்தால் பழைய கணினி, பெரிய பழைய மொனிற்றர், வீங்கிய யூபிஎஸ் பற்றறி, உடைந்த ரியூப் லைற் இருக்கும். வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் ‘பாவனைக்கு உதவாது’ என்று எழுதி அடுத்த வருடமும் அதையே எழுதுவோம். இறுதியில் ஏலத்தில் பழைய இரும்புக்காரரிடம் போகும். அவர் வயரை எங்காவது குளக்கட்டோரம் எரித்துச் செம்பை எடுப்பார், ஈயமும் பாதரசமும் குளத்துக்கு. இவை 2008 ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் எடுக்கலாம். ஒரு கந்தோருக்காக அவர்கள் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். மாவட்டத்தில் உள்ள எல்லாப் பிரதேச செயலகங்களும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்த்தால் வருவார்கள். இதைக் கச்சேரி மட்டத்தில் எழுப்புங்கள்.

பிளாஸ்ரிக் போத்தலுக்கு வடிகட்டிய தண்ணீரும் கண்ணாடிக் குவளையும், அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஃபிளெக்ஸ் பதாகைதான் எனக்குக் கோபம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் திகதியோடு ஒன்று அடிப்பார்கள், மறுநாள் அது யாருடைய கோழிக்கூட்டுக்குக் கூரையாகும். திகதி போடாமல் ஒன்றை அடித்தால் பத்து வருடம் ஓடும்.

மரநடுகையும் உங்கள் திட்டத்தில் எப்படியும் வரும், வராவிட்டால் மேலிடம் விடாது. யூன் 5 சுற்றாடல் தினத்தில் நடாதீர்கள். அது சோளகக் காலம், மண் ஓடு மாதிரி இறுகியிருக்கும். படம் எடுத்து ஒரு மாதத்தில் தடிதான் நிற்கும். வடமாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக வைத்தது காரணத்தோடுதான். முதல் மழைக்குப் பிறகு மேற்குச் சுவரில் இருந்து ஆறேழு மீற்றர் தள்ளி வேம்பை நடுங்கள், நாலைந்து வருடத்தில் அந்தக் கண்ணாடிக்கு நிழல் விழத் தொடங்கும். மாடு ஆடு கடிக்காமல் வேலி முக்கியம், கன்றைவிட வேலிக்குத்தான் செலவு கூட.

இரண்டு கிழமைக்குள் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். கடைசிப் பன்னிரண்டு மாதத்து மின் பட்டியல்கள், றனிங் சாட்கள், காகிதக் கட்டுகளை வழங்கிய களஞ்சியப் பதிவு, ஏ.சி. காஸ் அடித்த ரசீதுகள், இந்த நாலையும் கணக்காளர் கிளையில் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தில் கிலோவாக எழுதுங்கள். வாசல் கொப்பிக்கு ஒரு மாதம் வேண்டும், உங்களுக்கு இரண்டு கிழமைதான். பரவாயில்லை, பத்து வேலைநாளுக்கு எடுத்தாலும் போதும். நாளைக்குக் காலையிலேயே காவலாளியிடம் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். பேனையை நூலில் கட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பத்து மணிக்கு முதல் காணாமல் போய்விடும்.